சந்தனம் வைத்த மைக்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே ஓர் அம்மன் கோவில். ஆடி மாதம், மதியக் கொடை, அம்மனுக்கு ஊர் எடுக்கிற திருவிழா. வெயில் இல்லை. மழை என்றும் சொல்ல முடியாது. மலைப் பக்கமிருந்து சாரல், மாவு சலிக்கிறது போல விழுந்துகொண்டிருந்தது. பந்தலில் வில்லுக்குப் பின்னால் வேலம்மாள் அக்கா உட்கார்ந்து பாடுகிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. ஆனால் வேப்பமரத்தில் நான் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் வருவது, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம்.

அக்கா பாடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஆம்ப்ளிஃபயர் திருகைத் திருகுவது போல இருந்தேன். அதை முன்பே கடைசிவரை திருகியாகிவிட்டது.

பிள்ளைகளே, மைக் செட் வைத்துப் பிழைத்த என் கதையை வாராவாரம் எழுதி வருகிறேன். உங்களைச் சிரிக்க வைக்கிற சங்கதிகளாகவே பார்த்துப் பார்த்து எழுதினேன். இது அப்படிப்பட்டதல்ல. உங்கள் அம்மாவுக்குத் தெரியும். வேறு யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

அக்கா கடைக்கு வந்தது

வேலம்மாள் அக்கா சுரண்டைக்காரர். வில்லுப்பாட்டு பாடுகிறவர். ஆள் உயர வில்லில் மணிகளைக் கட்டி, நாணைக் கோலால் தட்டிக்கொண்டு சாமி கதையைப் பாடுவார்கள். சுற்றிலும் குடம், உடுக்கை, ஜால்ரா. நடுவில் உட்காருகிறவர்தான் கதையை நடத்த வேண்டும். அக்கா பத்து வருஷத்துக்கு மேல் நடுவில் உட்கார்ந்தவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை அந்த வில்லை வைத்துத்தான் வளர்த்தார்.

அந்த வருஷம் தை மாதம் அவருக்கு டைபாய்டு. பிழைத்ததே பெரிது என்றார்கள். தேறி எழுந்தபோது உடம்பு வந்தது. குரல் பாதிதான் வந்தது. இனிமைக்குக் குறைவில்லை. கனம் போய்விட்டது.

குடம் அடிக்கிற மாடசாமி, அக்கா வீட்டுக்காரரின் அண்ணன். குழு அவருடையது. அவர் மகள் கனி பின்பாட்டுப் பாடுகிற பெண், நல்ல வெண்கலத் தொண்டை. மாடசாமி முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஆடிக் கொடைல பாடட்டும். தொண்ட நின்னா அவளே நடுவுல இருக்கட்டும். நிக்கலன்னா கனி உக்காருவா. நாளப்பின்ன கோவில்காரன் நம்மள ஏசக் கூடாது பாத்துக்கோ."

இதை அக்காவே என் கடைக்கு வந்து சொன்னார். தென்காசியில் யானைப் பாலத்துக்குப் போகிற வழியில், ஒரு சைக்கிள் கடையோடு ஒட்டின சின்ன அறை அது. அக்கா வாசல்படியில் நின்றபடியே கேட்டார்.

"தம்பி, என்னால கத்த முடியாது. மெல்லத்தான் பாடுதேன். மெல்லப் பாடுனாலும் கூட்டம் பூரா கேக்கும்படியா ஒரு மைக்கு உண்டுமா?"

"உள்ள வாங்கக்கா. உக்காந்து பேசுவோம்."

"உண்டும்னா உக்காருதேன். இல்லன்னா சுரண்டை பஸ்ஸு போயிரும்."

உண்டு என்றேன்.

ஊதிப் பார்க்கிறவர்கள்

இங்கே மைக்குகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். புத்தகம் பார்த்துக் கற்றதில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றது. தப்பிருந்தால் படித்த பிள்ளைகள் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் தொழில் தொடங்கியபோது என்னிடம் இருந்தது கரி மைக் ஒன்றுதான். வட்டமான ஒரு வளையத்துக்குள் நாலு ஸ்பிரிங்கில் தொங்கும். உள்ளே கரித்தூள். சத்தம் மோதினால் தூள் நெரிந்து மின்சாரமாகப் போகும் என்று சொல்லித் தந்தார்கள். அது ஒரு முரட்டு மாடு. கீழே போடலாம், தலையில் தட்டலாம், மழையில் நனைக்கலாம். மேடைக்கு வருகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் முதலில் அதில் "ஃபூ, ஃபூ" என்று ஊதுவார்கள். ஊதாமல் பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ. வெற்றிலை எச்சில் தெறித்துச் சல்லடை சிவந்துபோகும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் உங்கள் அம்மா அதைத் தொட மாட்டாள். "ஊர் எச்சிலு, அங்கனயே வையுங்க" என்பாள்.

பேச்சுக்கு அந்த மைக் போதும். வேட்டுப் போடுகிற மாதிரிப் பேசுகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. மெல்லிய குரலுக்குத்தான் அது ஆகாது. மெல்லப் பாடினால் பாட்டோடு அப்பளம் பொரிக்கிற சத்தமும் சேர்ந்து வரும். சில சமயம் அப்பளம் மட்டும் வரும்.

குற்றாலத்தில் சீசனுக்கு வந்து பங்களாவில் தங்கியிருந்த ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஒருமுறை கச்சேரி நடந்தது. பட்டணத்திலிருந்து மைக்கோடு ஆளும் வந்திருந்தான். ரிப்பன் மைக் என்றான். உள்ளே வெள்ளித்தாள் மாதிரி ஒரு நாடா தொங்குமாம். பாட்டை அப்படியே எடுக்குமாம். வாயால் ஊதினால் கிழிந்துவிடுமாம். அவன் அதைக் கைக்குழந்தை போலத் துணியில் சுற்றி வைத்திருந்தான். காற்று அடித்தாலும் போச்சு என்றான். நம் ஊரில் ஆனி ஆடியில் அடிக்கிற காற்றையும், நம் ஆட்கள் ஊதுகிற ஊதலையும் நினைத்து, அந்த ஆசையை அன்றைக்கே விட்டேன்.

மூன்றாவதுதான் கிரிஸ்டல் மைக். கைக்கு அடக்கம், பளபளவென்று இருக்கும். மெல்லிய குரலையும் எடுக்கும். ஒயர் நீளமாகப் போனால் சத்தம் குறையும் என்பதால் ஆம்ப்ளிஃபயரைப் பாடுகிறவர் பக்கத்திலேயே வைக்க வேண்டும். திருநெல்வேலியில் அதை எனக்கு விற்றவர் ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னார்: "ஈரம் படாமப் பாத்துக்கோ. வெயில்லயும் வைக்காத." சரி என்று தலையாட்டினேன். ஈரம் என்றால் மழை என்று எடுத்துக்கொண்டேன்.

பாலத்தில் நின்ற உங்கள் அம்மா

அக்காவுக்கு எந்த மைக் என்று பார்க்க, குழாயைக் கடைக் கூரையில் கட்டினேன். உங்கள் அம்மா பெரியவனை இடுப்பில் வைத்துக்கொண்டு யானைப் பாலத்துக்குப் போய் நின்றாள். கடைக்குள் இருப்பவன் காது பொய் சொல்லும். நேர்க் குரலும் குழாய்க் குரலும் சேர்ந்து விழும். தூரத்தில் நிற்கிறவள் சொல்வதுதான் நிஜம். இதுதான் எங்கள் முறை.

அக்கா முதலில் கரி மைக்கில் பாடினார். பிறகு கிரிஸ்டலில் அதே அடிகளைப் பாடினார். மணிகள் குரலை அமுக்கிவிடாமல் இருக்க, மைக்கை வாய்க்கு நாலு விரல் தூரத்தில், கொஞ்சம் மேலிருந்து சாய்த்து வைத்தேன்.

உங்கள் அம்மா திரும்பி வந்து வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"மொதப் பாட்டுல ராகம் வந்துது, வார்த்த வரல. ரெண்டாவதுல..."

"சொல்லுட்டி."

"அக்கா மூச்சு எடுக்கது கூடக் கேட்டுது. ஆத்துல துணி துவச்சவ எல்லாம் நிமிந்து பாத்தா. ஒருத்தி எங்கிட்ட, யாருட்டி சீக்காளி வேலம்மாளா இதுன்னு கேக்கா."

அக்கா சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். "சீக்காளின்னே பேராயிட்டா?" என்றார். பிறகு மைக்கின் தலையை முந்தானையால் துடைத்துவிட்டு, "இதுவே இருக்கட்டும் தம்பி. இத நம்பித்தான் போய் உக்காருதேன்" என்றார்.

சந்தனமும் பன்னீரும்

கொடை அன்று காலையிலிருந்தே சாரல். நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, மைக்கை வேட்டித்துணியில் சுற்றி, சட்டைக்குள் வைத்து சைக்கிளில் கொண்டுபோனேன். பந்தலில் வைத்த பிறகும் அதற்கு மேலே ஒரு குடையைக் கட்டினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்குக் கூட இவ்வளவு குடை பிடிக்கலையேலே" என்றார் சங்கரலிங்க அண்ணாச்சி. கொடையை எடுத்து நடத்துகிறவர் அவர்.

வில்லுக்குப் பூசை போடுவது வழக்கம். வில், குடம், உடுக்கை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, அதற்குப் பிறகுதான் முதல் தட்டு. புது மைக் முதன்முதலாகச் சாமி காரியத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு மட்டும் வைக்காமல் விடுவார்களா? உங்கள் அம்மா கல்லில் அரைத்துக் கொண்டுவந்த சந்தனத்தை எடுத்து, மைக்கின் சல்லடை மேலேயே மூன்று விரலால் அப்பினாள். நடுவில் குங்குமம் வைத்தாள். அண்ணாச்சி பன்னீர்ச் செம்பை எடுத்து வந்து, வில்லுக்குத் தெளித்தார், அக்காவுக்குத் தெளித்தார், மைக்குக்கும் தெளித்தார். "நல்லாப் பாடணும் தாயி" என்று இன்னொரு தரமும் தெளித்தார்.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். மலைச் சாரல் ஒரு சொட்டு மைக்கில் விழாமல் பார்த்துக்கொண்டேன். சந்தனத்திலும் தண்ணீர் உண்டு, பன்னீரும் தண்ணீர்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மங்கலமான பொருளை ஈரம் என்று யார் நினைப்பார்கள்? அன்றைக்கு அந்தப் பந்தலில் யாரும் நினைக்கவில்லை.

நான் சொன்ன ஒரு வார்த்தை

காப்புப் பாட்டு நன்றாக வந்தது. கதை தொடங்கி, அம்மன் பிறக்கிற இடம்வரைக்கும் கூட்டம் அசையாமல் இருந்தது. மாடசாமி ஒரு தடவை குடத்தை அடித்துக்கொண்டே தலையை ஆட்டியதையும் பார்த்தேன்.

பிறகு குரல் மெலியத் தொடங்கியது. முதலில் தூரத்தில் இருந்தவர்கள் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். பேச்சு ஏற ஏற அக்கா இன்னும் பலமாகப் பாடிப் பார்த்தார். மணிச் சத்தம் அதிகம் கேட்டதே தவிரப் பாட்டு கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை நான் தொடங்கிய இடம் இதுதான்.

அண்ணாச்சி நடுவில் நிறுத்தச் சொன்னார். ஆளுக்கு ஒரு டம்ளர் பானகம் கொடுக்கும் நேரத்தில் நான் மைக்கைக் கையில் எடுத்து, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்தேன்.

என் குரலும் அப்படித்தான் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. எனக்கு டைபாய்டு வந்ததில்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளைகளே. தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எல்லாரும் கேட்கும்படியாகத்தான் கேட்டார்.

"ஏலே, மைக்கு சரியா இருக்கா? இல்ல இவ தொண்டையா?"

அந்தக் கூட்டத்தில் அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். புது மைக் வாங்கியிருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அதற்குக் குடையும் பிடித்திருந்தேன். வாயில் தானாக வந்தது.

"மைக்குக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

அக்கா பானக டம்ளரைக் கீழே வைத்தார். குடிக்கவில்லை. உங்கள் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடசாமி கோபப்படவில்லை. "எந்திரி வேலம்மா, செத்த ஓய்வெடு. பிள்ள பாடட்டும்" என்றார். அக்கா எழுந்து ஜால்ராக்காரர் பக்கம் போய் உட்கார்ந்தார். கனி நடுவுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் மோசம். "கனி தொண்டைக்குக் கரி மைக்குதான் எடுக்கும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து பழைய மைக்கை எடுத்து மாட்டினேன். கெட்டுப்போன மைக்கில் அவள் பாடினால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா? கனியின் குரல் வேப்பமரத்திலிருந்து வயல்வெளி முழுவதும் போய் விழுந்தது. "இது தொண்ட" என்றார் யாரோ.

அக்கா ஜால்ராவைக் கையில் வாங்கி, கொடை முடியும்வரைக்கும் தாளம் போட்டார்.

உப்பு

திருநெல்வேலியில் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் மைக்கைக் கொண்டுபோனேன். அவர் சல்லடையைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கும் உள்ளே ஒரு சின்னத் துண்டு, நம் அடுக்களைக் கல் உப்பு மாதிரி, ஓரமெல்லாம் கசிந்து வெளுத்துப்போய் இருந்தது.

"இது ஒரு வகை உப்பு. இதுதான் சத்தத்த வாங்கும். தண்ணி பட்டா கரைஞ்சிரும். இதுக்குப் போயி அபிஷேகமா பண்ணுனீரு?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் தன் மூன்று விரலைப் பார்த்தாள். "நான் வச்சது தெரியாம. நீங்க சொன்னது?" என்றாள்.

சுரண்டைக்குப் போக எனக்குப் பங்குனி வரைக்கும் ஆனது. தெருவில் பெண்கள் வரிசையாகச் சுளவு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவராக அக்காவும் இருந்தார். கொடைக்குப் போவதை விட்டுவிட்டேன் என்றார். இலையை வெட்டுவதும் தூளை வைத்துச் சுருட்டுவதுமாகக் கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பைச் சொன்னேன். "ஹலோ" என்று சொல்லிப் பார்த்ததையும் சொன்னேன்.

கை நின்றது.

"அப்ப என் தொண்டைக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லக்கா."

"எங் காதுக்கு நல்லாத்தான் கேட்டுது தம்பி. ஆனா நீ மைக்குக்காரன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வீட்டுல கூட வாயத் தொறக்கல. பிள்ளைங்க பாடச் சொன்னா, சளி பிடிச்சிருக்குன்னு சொல்லுதேன்."

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அந்தச் சொல் எனக்கு எப்போதுமே லேசில் வராது.

அக்காதான் பேசினார். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் பாடுனது எனக்குத் தெரியும். அங்கன உக்காந்து கேட்டாங்கள்லா, அவங்களுக்குச் சொல்லணும். வார ஆடிக்கும் உன் மைக்குதான?"

"ஆமா அக்கா."

"அதுலயே சொல்லு. அன்னைக்கு மைக்கு கெட்டுப் போச்சு, வேலம்மா தொண்ட கெடலன்னு. அது போதும். நடுவுல உக்கார வையின்னு நான் கேக்கல. நான் வந்து நிக்கேன், நீ சொல்லு."

"சொல்லுதேன் அக்கா" என்றேன்.

அடுத்த ஆடி

சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். வாக்கியத்தைக்கூட மனப்பாடம் செய்திருந்தேன். சைக்கிளில் போகும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அந்த வருஷமும் சாரல். கனி நடுவில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. என்னைப் பார்த்து, "மாமா, மைக்கு கொஞ்சம் கிட்ட வைங்க" என்று பிரியமாகச் சொன்னாள். பெண்கள் கூட்டத்தின் கடைசியில், புளியமரத்தை ஒட்டி அக்கா நின்றுகொண்டிருந்தார். இரண்டு பெண்களையும் கூட்டி வந்திருந்தார். பெரியவளுக்குத் தலை நிறையப் பூ வைத்திருந்தார்.

காப்புக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது. அண்ணாச்சி, கொடைக்கு வரி கொடுத்தவர்கள் பெயர்ச் சீட்டை நீட்டினார். அதை வாசித்தேன். கதை தொடங்கட்டும், இடைவேளையில் சொல்லலாம் என்று இருந்தேன். இடைவேளையில் ஒரு பிள்ளை காணாமல் போய்விட்டது, அதைச் சொன்னேன். பிள்ளை கிடைத்தது, அதையும் சொன்னேன். சைக்கிளை வழியில் நிறுத்தியவர்கள் எடுக்கும்படி சொன்னேன். இப்போது சொன்னால் கனி முகம் என்னாகும் என்று ஒரு நினைப்பு. அண்ணாச்சி என்ன சொல்வார் என்று ஒரு நினைப்பு. ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் யார் நம்புவார்கள் என்றும் ஒரு நினைப்பு. நினைப்புக்கு என்ன குறை?

ஒவ்வொரு தடவை நான் மைக்கை எடுத்தபோதும் புளியமரத்தடியில் அக்கா இரண்டு எட்டு முன்னால் வந்தார். நான் வைத்ததும் திரும்பப் போய் நின்றார்.

படையல் ஆனது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் மரத்தில் ஏறிக் குழாயை அவிழ்த்தேன். இறங்கி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா சுரண்டை பஸ்ஸுக்குப் போயிட்டாங்க" என்றாள். "சாப்பிடச் சொன்னேன். இருக்கல. பெரியவ கேட்டுக்கிட்டே போறா, அந்த மாமா ஏம்மா சொல்லலன்னு."

"அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க?"

"பிள்ள தலையில இருந்த பூவ எடுத்து வேலியில போட்டுட்டு, நனையாம நடட்டின்னாங்க."